வினா இல்லாத உரை

பாகூரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பெருமைகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, அது புதுச்சேரியின் நெற்களஞ்சியம். மற்றொன்று, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே அங்கே பல்கலைக்கழகம் இருந்தது. முதலாவதைப் பற்றி, ஏரியையும் அதன் கீழே கிடக்கும் கழனியையும் பார்த்தவர்களிடம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதுதான் உறுத்துகிறது. அந்தப் பெருமை பொய் என்று சொல்ல வரவில்லை. மூலத்தில் என்ன இருக்கிறது, அதற்கு நாமாக எழுதிக்கொண்ட உரை எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இலக்கியம் படிக்கிற நம் பழக்கத்துக்கும் இதே நோய் உண்டு என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூலம், பாகூர்ச் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. 9ஆம் நூற்றாண்டு. நிலைதாங்கி என்ற தலைவன் விண்ணப்பிக்க, சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்ற 3 ஊர்களை வாகூரில், அதாவது இன்றைய பாகூரில், இருந்த வித்யாஸ்தானத்துக்கு மன்னன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஜெர்மானியரான ஹுல்ட்ஷ் அதைப் படித்து எபிகிராபியா இண்டிகாவின் 18ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வித்யாஸ்தானங்கள் 14 என்பது வடமொழி மரபின் கணக்கு. நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தரும சாத்திரம். ஆக, அங்கே நடந்தது அந்தணர்களுக்கான வைதிகக் கல்வி என்று கொள்ளலாம். எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு செப்பேட்டில் இல்லை. தமிழ் கற்பித்தார்கள் என்றும் இல்லை. அதே புதுச்சேரிப் பகுதியில் உள்ள திருபுவனைக் கல்வெட்டு, முதலாம் இராஜாதிராஜன் காலத்தது, 260 மாணவரும் 12 ஆசிரியரும் என்று எண்ணிச் சொல்கிறது. பாகூர்ச் செப்பேட்டுக்கு அந்த அக்கறை இல்லை.

வித்யாஸ்தானம் என்று இருக்கிற இடத்தில் பல்கலைக்கழகம் என்று எழுதினால் அதுவும் ஓர் உரைதான். யார் படித்தார்கள், யாருக்கு உள்ளே இடமில்லை, என்ன படித்தார்கள், செலவை எந்த ஊர் உழவன் சுமந்தான் என்ற கேள்விகளைக் கேட்காமல் எழுதிய உரை. கேட்டிருந்தால் பெருமை குறைந்திருக்காது. விஷயம் கூடியிருக்கும்.

செப்பேட்டில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. முதற்பகுதி வடமொழிச் சுலோகம். அரச பரம்பரை, புகழ், உவமைகள் எல்லாம் அங்கே. பிறகு தமிழ்ப்பகுதி வருகிறது. கொடுத்த நிலம் எது, எல்லை எது என்ற நடைமுறை விவரமெல்லாம் அதன் பொறுப்பு. பல்லவர் செப்பேடுகளில் வழக்கமான அமைப்புத்தான் இது. வடமொழிக் கவி, மன்னன் கொடுத்தான் என்று பாடிவிட்டுப் போய்விடுகிறான். தமிழில் எழுதியவன்தான் எங்கே, எதிலிருந்து எதுவரை என்று சொல்லியாக வேண்டும். அவனை உரையாசிரியர் வரிசையில் சேர்ப்பவன் நான். பாட்டு முடிகிற இடத்தில் வாசகனுக்கு எழுகிற கேள்விகளுக்கெல்லாம் அவன் பதில் வைத்திருக்கிறான்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் உரைக்கு வேண்டிய கூறுகளை எண்ணி 14 என்கிறார். (வித்யாஸ்தானக் கணக்கும் 14 என்பது தற்செயல், இதை வைத்து யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.) சொற்பொருள் அந்தப் பதினான்கில் ஒன்றே ஒன்று. பாடம் எது என்று நிறுவுவது, கருத்தைச் சொல்வது, உதாரணம் காட்டுவது, விரித்துரைப்பது என்று மற்றவை இருக்கின்றன. அவற்றுள் எனக்குப் பிடித்தவை மூன்று: வினா, விடை, துணிவு. வாசிப்பவனுக்கு வரக்கூடிய ஐயத்தை உரைகாரனே எழுப்ப வேண்டும். அதற்கு விடை சொல்ல வேண்டும். இரண்டு பொருள் வரும் இடத்தில் இதுதான் என்று ஒரு பக்கம் நின்று முடிவு செய்ய வேண்டும். காண்டிகை என்று சொல்லப்படும் சுருக்கமான உரையிலும் வினா விடைக்கு இடம் தந்திருக்கிறார் பவணந்தியார். பக்கம் போதவில்லை என்ற சாக்குக்கு அவரிடம் இடமில்லை.

இப்போது ஒரு மாணவரின் பாடப்புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். செய்யுள் பகுதியில் ஒவ்வொரு கடினச் சொல்லின் தலைமேலும் பொடி எழுத்தில் அதன் பொருள் இருக்கும். சில வரிகளுக்கு அடியில் கோடு. ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அதன் பக்கத்தில் ‘முக்கியம்’. சொற்பொருளைத் தவிர மீதிப் பதின்மூன்றும் காணோம். வினாக்குறி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பாடம் முழுதும் புரிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. புரியாத இடம் என்று ஒன்றைக் குறித்துவைக்கலாம், அது அவமானமில்லை என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. கோனார் உரையை இதற்காகக் குறை சொல்வது வழக்கம். நான் சொல்ல மாட்டேன். அது தேர்வுக்காக எழுதப்பட்டது, தலைமுறை தலைமுறையாகத் தேர்வில் தேறவைத்தது. தேர்வு முடிந்த பிறகும் நாம் அதே மாதிரிதான் படிக்கிறோம் என்பது கோனார் மேல் போட வேண்டிய பழி இல்லை.

குறிப்பு எழுதுவது எப்படி என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகை 131. பாடியவர் ஓரேருழவனார். செய்தி சின்னது. தலைவியின் ஊர் வெகு தொலைவில், கடப்பதற்கு அரிய வழிக்கு அப்பால் இருக்கிறது. தலைவனின் நெஞ்சு அங்கே போகத் துடிக்கிறது. எப்படித் துடிக்கிறது என்றால், மழை பெய்து ஈரம் பதமாக இருக்கிற புனத்தில், ஒரே ஓர் ஏர் மட்டும் வைத்திருக்கும் உழவன் துடிப்பதைப் போல.

முதல் வாசிப்பில் சொற்பொருள் எழுதி முடித்துவிடலாம். ஏழை உழவன், அவசரம், அவ்வளவுதான் என்று அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். நானும் அப்படிப் போகிறவன்தான். ஆனால் பாகூர்ப் பக்கம் இந்தப் பாட்டைப் படிக்கும்போது ஒரு கேள்வி வரும். வர வேண்டும். நிலத்துக்கு ஈரம் போனால் என்ன? ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி சேறாக்கி உழுதுகொள்வதுதானே? கண்ணெதிரே மடையும் வாய்க்காலும் இருக்கும்போது இந்த உழவன் ஏன் இப்படிப் பதறுகிறான்?

தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். ஏரிக்குக் கீழே கொஞ்சம் கழனியும் மேட்டில் கொஞ்சம் கொல்லையும் உள்ளவர். பாட்டை நான் சொல்லவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“ஒத்த ஏரா? அப்ப அவனுக்கு ராத்திரித் தூக்கம் வராது தம்பி.”

“ஏண்ணே, தண்ணி பாய்ச்சிக்க முடியாதா?”

“அது கழனிக்கு. நீ சொல்றது கொல்லை. வானம் பாத்த பூமி. மல்லாட்டை போட மழை பேஞ்ச மறுநாளே ஓட்டிடணும். ரெண்டு நாள் வெயிலு அடிச்சுதுன்னா மண்ணு இறுகிப் பூடும், ஏரு எறங்காது. நாலு ஏரு கட்றவன் காலைலயே முடிச்சுட்டுக் கஞ்சி குடிக்கப் போயிடுவான். ஒத்த ஏருக்காரன் பாதி ஓட்றதுக்குள்ள மீதி காஞ்சி பூடும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்தவன்கிட்ட ஏரு கேக்கவும் முடியாது. அன்னிக்கு எல்லாருக்கும்தான் மழை பேஞ்சிருக்கும்” என்றார்.

பாட்டில் இருப்பது வயல் அல்ல, மழையை நம்பிய புனம் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பெரிய நிலம், ஒரு ஏர், காய்ந்துகொண்டே போகும் ஈரம். வேலை மெதுவாக நடக்கிறது, வெயில் மெதுவாக நடப்பதில்லை. அந்தக் கடைசி வாக்கியம், எல்லோருக்கும் ஒரே நாளில்தான் மழை, எந்த உரையிலும் நான் பார்க்காதது. அதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன். அதன் கீழே இன்னொரு வினா: உழவனுக்குக் காய்ந்துபோவது நிலம், தலைவனுக்குக் காய்ந்துபோவது எது? அவளுடைய பொறுமையா, பருவமா, இளமையா? பாட்டு சொல்லவில்லை. உழுது முடித்தானா இல்லையா என்பதையும் சொல்லவில்லை. குறிப்பு எழுதுகிறவனும் அதைச் சொல்லாமல் விட வேண்டும். வினாவை எழுதலாம், விடை தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. எல்லா இடைவெளியையும் அடைத்துவிட்டால் பாட்டு வெறும் செய்தியாகிவிடும்.

பாடியவர் பெயர் மேலேயே ஒரு குறிப்பு எழுத வேண்டும். ஓரேருழவனார் என்பது தாய் தகப்பன் வைத்த பெயராக இருக்க முடியாது. பெயர் தெரியாமல் போன புலவருக்குப் பாட்டில் உள்ள உவமையையே எடுத்துப் பெயராக வைத்திருக்கிறார்கள் தொகுத்தவர்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான். யோசித்துப் பார்த்தால், சங்கப் பாடல்களுக்குக் கிடைத்த மிகப் பழைய விமரிசனம் இதுவாக இருக்கலாம். ஒரு பாட்டில் எந்த இடம் நெஞ்சில் தைத்தது என்று தொகுத்த வாசகன் அடிக்கோடு போட்டிருக்கிறான். அந்த அடிக்கோடே ஆளின் பெயராகிவிட்டது. ஆனால் இதே பெயர் புறநானூறு 193க்கும் மேலே இருக்கிறது. அந்தப் பாட்டில் ஏரும் இல்லை, உழவனும் இல்லை. துரத்தப்பட்டு வெளியில் ஓடும் மான் ஒன்று வருகிறது. அது போல் ஓடித் தப்பித்துவிடலாம், ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைக் கட்டுகிறதே என்ற அலுப்பு வருகிறது. ஒரு தொகையில் உவமையால் கிடைத்த பெயர் இன்னொரு தொகைக்கு எப்படிப் போனது? இரண்டையும் பாடியவர் ஒருவரே என்று தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா? அப்படியானால் ஆளைத் தெரிந்தவர்களுக்குப் பெயர் தெரியாமல் போனது எப்படி? எனக்கு இதில் துணிவு இல்லை. வினாவை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். போக வேண்டும் என்ற துடிப்பும் போக முடியாத கட்டும் இரண்டு பாட்டிலும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் கனக்கின்றன.

குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் உரையோடு அச்சேறியது. உ.வே.சாமிநாதையரின் பதிப்பு வந்தது 1937இல். அந்தப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து அதன் அமைப்பை மட்டும் பாருங்கள். முதலில் பாட்டு. பிறகு பிரதிபேதம்: ஏடுகளில் எந்த எழுத்து எப்படி மாறிக் கிடக்கிறது என்ற கணக்கு. பிறகு பதவுரை. அடுத்து முடிபு, அதாவது எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய் முடிகிறது. பிறகு கருத்து, ஒரே வரியில். விசேடவுரை. மேற்கோளாட்சி: பழைய உரைகாரர்கள் இந்தப் பாட்டை எங்கெங்கே எடுத்தாண்டார்கள். கடைசியில் ஒப்புமைப் பகுதி. 4 முதல் 8 அடியுள்ள பாட்டுகளுக்கு இவ்வளவு. பவணந்தியாரின் பட்டியலை ஒருவர் ஏறக்குறைய முழுதாக நடத்திக் காட்டினார் என்றால் அது இங்கேதான்.

இவற்றில் ஒரு சாதாரண வாசகர் கைக்கொள்ள வேண்டியது முடிபு என்பேன். சங்கப் பாட்டைப் படித்து மயங்குகிறவர்களில் பெரும்பாலோர் சொல் தெரியாமல் மயங்குவதில்லை, அகராதி இருக்கிறது. வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல்தான் மயங்குகிறார்கள். எழுவாயையும் அது கொண்டுபோய்ச் சேர்கிற வினையையும் கண்டுபிடித்து ஒரு வளைகோட்டால் சேர்த்துவிடுங்கள். பாதிப் பாட்டு அந்த ஒரு கோட்டில் திறந்துகொள்ளும். குறுந்தொகை 131இல் அந்தக் கோடு நடுவில் உழவனைத் தாண்டிப் போய் நெஞ்சில் சேரும்.

சாமிநாதையரும் கேட்டுத் தெரிந்துகொண்டவர்தான். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட பிறகு அதைக் கையில் எடுத்தவர், சமண சமயச் செய்திகள் பிடிபடாமல் தவித்து, கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். நூல் 1887இல் வெளிவந்தது. தமிழ் படித்த பேராசிரியர் ஒருவர், அந்த நூலை வீட்டில் வைத்து ஓதுகிற குடும்பங்களின் திண்ணையில் மாணவராக உட்கார்ந்தார். நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதே போல ஒரு கதை உண்டு. சிந்தாமணிக்கு அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர்கள் நூல்களைப் படித்துவிட்டு வந்து மறுபடி எழுதினாராம். கதை நடந்ததோ இல்லையோ, உரை எழுதுகிறவன் எங்கே போக வேண்டும் என்பதை அது சரியாகச் சொல்கிறது.

அதே நச்சினார்க்கினியர்தான் உரைகாரனின் அத்துமீறலுக்கும் உதாரணம். மாட்டு என்று சொல்லி, பாட்டில் இங்கே இருக்கும் சொல்லை எடுத்து எங்கேயோ இருக்கும் சொல்லோடு கொண்டுபோய்ச் சேர்ப்பார். பத்துப்பாட்டின் நெடும்பாட்டுகளில் அவர் பின்னால் போகிறவனுக்கு மூச்சு வாங்கும். மறைமலையடிகள் இதைப் பொறுக்காமல் 1903இல் முல்லைப்பாட்டுக்கும் 1906இல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். புலவன் சொல்லை வைத்த ஒழுங்கிலேயே பொருள் காண வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு மறைமலையடிகளின் கட்சிதான் பிடித்தம். ஆனாலும் ஒன்று. நச்சினார்க்கினியர் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மறைமலையடிகளாலும் சண்டை போட்டிருக்க முடியாது. தப்பாகவாவது துணிந்து முடிவு சொல்லும் உரை, பின்னால் வருகிறவனுக்குப் பிடிமானம். ‘இப்படியும் கொள்ளலாம், அப்படியும் கொள்ளலாம்’ என்று நழுவும் உரையோடு யாரும் சண்டை போட முடியாது. பரிமேலழகரைப் பாருங்கள். பிறர் இப்படிச் சொல்வர் என்று எடுத்துவைத்து, ஏன் ஒவ்வாது என்றும் சொல்லி, தன் முடிவை நாட்டிவிட்டுத்தான் நகர்வார். பல இடங்களில் அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் ஏற்காமல் இருக்க ஒரு முடிவு அங்கே இருக்கிறது.

மூலத்தையும் தன் முடிவையும் பிரித்துக் காட்டும் ஒழுக்கத்தைப் பாகூர்க்காரர் ஒருவரே நமக்குக் காட்டியிருக்கிறார். பாகூர் சு.குப்புசாமி தொகுத்து, கோ.விசயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளின் முதற்பகுதி 2006இல் வந்தது. இரண்டாம் பகுதி 2010இல். பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்குக்கான பிரெஞ்சுப் பள்ளியும் சேர்ந்து வெளியிட்டன. இலக்கிய வாசகர்கள் கல்வெட்டுப் புத்தகத்தைத் தொடுவதில்லை. குறிப்பு எழுதுவது என்றால் என்ன என்று கற்க அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது.

ஏனென்று சொல்கிறேன். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, வாக்கியம் முடிந்ததற்கு அடையாளம் இல்லை. செப்பேட்டிலும் இதே கதைதான். சேட்டுப்பாக்கம் என்று நான் மேலே எழுதிய பெயரைச் செட்டுப்பாக்கம் என்றும் படிக்கலாம். ஆக, கல்வெட்டைப் படிப்பதே உரை எழுதுவதுதான். முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த காகிதத்தை மேலே ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை தூரிகையால் அடிக்க வேண்டும். பிறகு மை ஒற்றினால் காகிதம் கறுத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். அதுதான் மைப்படி. சுவர் பெயர்ந்த இடமும் பிற்காலத்தில் சுண்ணாம்பு பூசிய இடமும் அதில் தெரிந்துவிடும். பிறகு மேசையில் வைத்துப் படிக்கும்போது, ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுவார்கள். கல்லில் இல்லாமல் தாமாகச் சேர்த்த எழுத்துக்கு ஒரு குறி இருக்கும். சிதைந்த இடத்தில் புள்ளிகள். எது கல் சொன்னது, எது நான் சொல்வது என்று எழுத்துக்கு எழுத்து கணக்கு வைத்திருப்பார்கள். பாகூர்த் திருமூலநாதர் கோயில் சுவரில் இருக்கிற சோழர் காலக் கல்வெட்டை அந்தக் குறிகளோடு அச்சில் பார்த்தால், ஊரின் பெருமை பேசுகிற மேடைப்பேச்சு கொஞ்ச காலத்துக்குக் காதில் ஏறாது.

ஓலையில் எழுதப்பட்ட இலக்கியத்துக்கும் இதே பாடுதான். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். மூலமும் உரையும் ஓட்டமாக ஒன்றுக்குள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். பத்துப்பாட்டு ஏடுகளில் மூலம் எது, நச்சினார்க்கினியர் எது என்று பிரித்தெடுப்பதற்குச் சாமிநாதையர் பட்ட சிரமம் அவர் எழுத்தில் இருக்கிறது. நாம் இன்று சீர் பிரித்து, புள்ளி வைத்து, நிறுத்தக்குறி போட்டு அச்சிட்ட புத்தகத்தை வாங்கி ‘மூலம் படிக்கிறேன்’ என்கிறோம். அந்தக் காற்புள்ளியே ஒருவரின் துணிவு. புதுச்சேரியில் பிரான்சுவா க்ரோவும் தி.வே.கோபாலையரும் சேர்ந்து பதிப்பித்த தேவாரம் 1984இல் வரத் தொடங்கியபோது, பதிகங்களுக்கு 2 தொகுதி போக, ஆய்வுத்துணைக்கென்றே தனியாக மூன்றாவது தொகுதி தேவைப்பட்டது.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் வாங்குகிற பழக்கம் எனக்கு உண்டு. யாரோ பென்சிலால் எழுதிய புத்தகம் கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிவிடுவேன். அநேகமாக எல்லாரும் முதல் முப்பது நாற்பது பக்கம்வரை எழுதியிருக்கிறார்கள். அப்புறம் சுத்தமான பக்கங்கள். படிப்பதை நிறுத்தினார்களா, கேட்பதை நிறுத்தினார்களா என்று சொல்ல முடியாது. ஒரு சிலப்பதிகாரத்தில் கானல்வரி தொடங்குகிற பக்கத்தில் ‘இங்கே ஏன் பாட்டு?’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பகுதிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை, அரும்பதவுரைதான் உண்டு. கதையைக் கவிழ்க்கிற இடத்தில் பெரிய உரைகாரர் துணைக்கு இல்லாதபோது, பெயர் தெரியாத அந்த வாசகர் கேட்டது சரியான கேள்வி. கோவலனும் மாதவியும் ஒருவர் பின் ஒருவராகப் பாடுகிறார்கள், ஒருவர் பாட்டில் மற்றவர் தனக்கு வேண்டாத பொருளைக் கேட்டுக்கொள்கிறார், அதோடு சேர்ந்து வாழ்ந்தது முடிகிறது. காரணம் சொல்லி ஒரு பிரிவை எழுதியிருந்தால் நாம் கோவலன் கட்சி, மாதவி கட்சி என்று பிரிந்திருப்போம். பாட்டில் நடப்பதால் இரண்டு பேருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அந்தப் பென்சில் வரிக்கு இப்படிப் பதில் சொல்லிப் பார்த்ததால்தான் இது எனக்குப் பிடிபட்டது.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சொந்தப் புத்தகம் அல்லது நோட்டு. மையால் எழுத வேண்டாம், பென்சில் போதும்; நாளைக்கு முடிவு மாறும். சொல்லுக்குப் பொருளை எழுதுவதற்கு முன் புரியாத இடத்தில் வினாக்குறி போடுங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்று கோடு இழுங்கள். அந்தத் தொழில், அந்த நிலம், அந்தச் சமயம் தெரிந்தவர் ஊரில் யார் என்று யோசித்து அவரிடம் போங்கள். அவர் சொன்னதையும் நீங்களாக முடிவு செய்ததையும் கலந்துவிடாமல் தனித்தனியாக எழுதுங்கள்.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துத் தமிழாசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குப்புசாமி தொகுத்த அந்த இரண்டு பகுதிகளையும் பள்ளி நூலகத்துக்கு வாங்குங்கள். திருமூலநாதர் கோயில் தொலைவில் இல்லை. ஒரு கல்வெட்டின் அச்சுப் பாடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, சுவரில் அந்த வரி எங்கே இருக்கிறது, பகர அடைப்புக்குள் போட்ட எழுத்து கல்லில் எப்படி இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பதிப்பாசிரியர் படித்தது தப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். ஏன் என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் நோட்டில் மட்டும். சுவரில் ஏற்கனவே நிறைய எழுதியாகிவிட்டது.